சூளைக்கு அனுப்பியவள்

நீலாவதி டீ குடிப்பதைப் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். விருத்தாசலத்தில் அந்தப் பீங்கான் கம்பெனிக்கு டீ கொண்டுவருகிறவர் கம்பிக் கூடையில் கண்ணாடி கிளாஸுகளைச் செருகிக்கொண்டு வந்து வாசல்படியில் வைப்பார். மற்ற பெண்கள் ஆளுக்கொன்றாக விளிம்பில் பிடித்துத் தூக்கி, இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றி, ஊதி உறிஞ்சுவார்கள். நீலாவதி முந்தானையைச் சுற்றித்தான் கிளாஸை எடுப்பாள். எடுத்ததை நேரே வாய்க்குக் கொண்டுபோக மாட்டாள். இடது கையை நீட்டி, முழங்கையின் உள்மடிப்பில், பச்சை நரம்பு தெரிகிற இடத்தில், கிளாஸின் அடியை மெல்ல ஒற்றிப் பார்ப்பாள். சுட்டால் படியில் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். மறுபடி ஒற்றுவாள். தோல் ஒத்துக்கொண்ட பிறகுதான் முந்தானையை விலக்கி வெறும் விரல்களால் பிடிப்பாள். அப்போதும் கண் விரல்களின் மேலேயே இருக்கும்; பிடித்திருப்பது தன் கைதானா என்று சரிபார்ப்பது மாதிரி.

"நம்ம நீலாக்கா டீய வாயால குடிக்காதுடி, நரம்புல ஏத்திக்கும்" என்பாள் கொளஞ்சி. அவளுக்கு அச்சில் மண் ஊற்றுகிற வேலை. வாய் அச்சில் அடங்காது. பெண்கள் சிரிப்பார்கள். நீலாவதியும் சேர்ந்து சிரிப்பாள். சின்ன வயசுப் பழக்கம் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாள். கேலி செய்பவர்களோடு முதலில் சிரித்துவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்பது அவள் வெகுநாள் முன்பே படித்துக்கொண்ட பாடம்.

அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் உணர்ச்சி கிடையாது. நெருப்பும் ஐஸும் அந்தக் கைகளுக்கு ஒன்று.

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அவளுக்கு. எட்டாவது படிக்கும்போது முதுகிலும் கையிலும் தேமல் மாதிரி வெளிறிய படை வந்தது. அரிப்பில்லை, வலியில்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை. விரல்கள் கோழிக்கால் மாதிரி உள்ளுக்குள் மடங்க ஆரம்பித்த பிறகுதான் அவள் அம்மா பயந்துபோய், வடக்கே வெகுதூரத்தில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தொழுநோய் என்றார்கள். மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தினார்கள். பிறகு கையைக் கீறி, ஒரு தசைநாரை எடுத்து இன்னொரு இடத்தில் கட்டி, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்கள். விரல் நிமிர்ந்தது, உணர்ச்சி திரும்பவில்லை. "இனிமே உன் கைக்குக் கண்ணுதான் தோலு" என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். சூட்டை முழங்கையில் பார்க்க வேண்டும். சாயங்காலம் இரண்டு கையையும் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விரல் விரலாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கொப்புளம் இருந்தாலும் அன்றைக்கே அந்தக் கைக்கு ஓய்வு.

அம்மா ஊரில் சொன்னது வேறு. பெண் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்றாள். கையில் இருந்த தழும்புக்கு அரிவாள் பட்டது என்றாள். அதையே சொல்லி, மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கும் பக்கிரிக்குக் கட்டிவைத்தாள். பிறகு ரகசியத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். பக்கிரிக்குத் தெரியாது. மகள் கயல்விழிக்குத் தெரியாது. விருத்தாசலத்தில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது என்றுதான் நீலாவதி நினைத்திருந்தாள்.

கம்பெனி என்றால் பெரிய கம்பெனி இல்லை. ரெண்டு தகரக் கொட்டகை, நடுவில் சூளை, பின்னால் மண் ஊறும் தொட்டிகள். ஃபியூஸ் கட்டை, ஜாடி, பொம்மை, கார்த்திகைக்குப் பீங்கான் அகல்விளக்கு. முதலாளி ஆதிநாராயணன் கோபக்காரர் இல்லை, ஆனால் அவசரக்காரர். நீலாவதி பளபளப்புப் பூச்சில் சாமான்களை முக்குகிற வேலைக்கு வந்து, படிப்படியாகப் பெண்களுக்கெல்லாம் பொறுப்பாளராக ஆகியிருந்தாள். யாரை எங்கே உட்காரவைப்பது என்பதை முதலாளி அவளைக் கேட்காமல் செய்ய மாட்டார்.

தொழுநோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று அரசாங்கம் அறிவித்ததற்கு மறுவருஷம் அது. ஐப்பசியில் ஒரு நாள், டிவிஎஸ் ஃபிஃப்டியில் சாமிக்கண்ணு என்பவர் முதலாளியைப் பார்க்க வந்தார். ஊருக்கு வெளியே நோய் குணமான பிள்ளைகளைத் தங்கவைத்துத் தொழில் பழக்கும் ஒரு இல்லத்தின் ஆள் அவர். மாத்திரை முடிந்துவிட்டது, இனி யாருக்கும் தொற்றாது, விரல்தான் கொஞ்சம் மடங்கியிருக்கிறது, சூடு படாத வேலையாகக் கொடுத்தால் போதும் என்று ஒரு பையனுக்காகப் பேசிவிட்டுப் போயிருந்தார். அவர் போன பிறகு முதலாளி நீலாவதியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அச்சுக் கொட்டகையில், உன் பக்கத்தில் உட்காரவைக்கட்டுமா என்று கேட்டார்.

தன் பக்கத்தில் அந்தக் கை. நாள் முழுக்க. அந்தக் கையைப் பார்க்கிற கண்கள் அடுத்தாற்போல் எங்கே திரும்பும்? தழும்பு, பிடிக்கும் விதம், டீ கிளாஸ். அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அது பாவம் என்று தோன்றியது. பாவம் செய்யாமல் தப்பிக்க ஒரு வழி தேடினாள். அப்படித் தேடியதில் அகப்பட்டதுதான் பெரிய பாவம்.

"பொம்பளைங்க பயப்படுவாங்க மொதலாளி" என்றாள். "தனியா சூளைப் பக்கம் போட்டுடுங்க."

"அந்த ஆளு சூடு வேணாம்னு சொன்னாரேம்மா?"

"சாக்குத் துணி இருக்குதில்ல. நாங்கல்லாம் புடிச்சி எடுக்கலியா?"

முதலாளிக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. சூடு என்றால் எல்லோருக்கும் சுடும், சுட்டால் கையை இழுத்துக்கொள்வார்கள் என்பதுதான் அவர் அறிந்தது. சுடாத கை என்று ஒன்று இருப்பது அந்தக் கொட்டகையில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள்தான் சூளைக்கு அனுப்பினாள்.

பையன் பெயர் பிரபாகரன். சேத்தியாத்தோப்புப் பக்கம். இருபது வயசு இருக்கும். ப்ளஸ் டூவில் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்துவிட, கடைசியில் தனி பெஞ்சில் உட்கார்ந்து, பரீட்சை எழுதாமலே வந்துவிட்டவன். வெயிலிலும் முழுக்கைச் சட்டை. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியிருந்தன. வந்ததும் முதலாளிக்குக் கும்பிடு போட்டான். பிறகு கொட்டகைக்குள் கண்ணை ஓட்டி, நீலாவதியைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வணக்கங்க்கா" என்றான். அவள் பூச்சு வாளியைக் கலக்கிக்கொண்டே "ம்" என்றாள்.

அன்றைக்கு டீ வந்தது. பிரபாகரன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கிளாஸை முழங்கை மடிப்பில் ஒற்றிப் பார்த்தான்.

"அடியே இங்க பாருங்கடி" என்றாள் கொளஞ்சி. "நீலாக்காவுக்கு வாரிசு வந்துட்டான்."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. பிரபாகரனும் வெட்கப்பட்டுச் சிரித்து, நீலாவதியை நிமிர்ந்து பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. கையில் எடுத்த கிளாஸை அப்படியே கீழே வைத்தாள். அன்றிலிருந்து அவள் டீயை ஆடை படியும்வரை ஆறவிட்டு, பச்சைத்தண்ணியாகத்தான் குடித்தாள். அவளைப் பார்த்துப் பழகிய பெண்கள், அக்காவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கார்த்திகை நெருங்கியது. அகல்விளக்குக்கு வெளியூரிலிருந்து ஆர்டர் மேல் ஆர்டர். சூளையை அணைத்து நன்றாக ஆறவிட்டுப் பிரிக்க வேண்டும். அந்த மாசத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. வாயைத் திறந்ததும் முகத்தில் அனல் அடிக்கும். பெண்கள் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, விளக்கு அடுக்கிய தட்டுகளில் ஒன்றிரண்டை எடுப்பார்கள். கையை உதறிக்கொண்டு ஓடிவருவார்கள். பிரபாகரன் மட்டும் நின்று நிதானமாக எடுத்தான். சாக்குத் துணி அவன் மடங்கிய விரல்களில் நிற்கவில்லை, நழுவியது. நழுவியதும் அதை ஓரமாகப் போட்டுவிட்டு வெறுங்கையால் எடுத்தான். மற்றவர்கள் பாதி நாளில் இறக்குவதை அவன் டீ நேரத்துக்குள் இறக்கிவிட்டான்.

முதலாளி அசந்துபோனார். "இவன் கைய இரும்புல வார்த்திருக்கான்யா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். தன் தோள்மேல் ஒரு ஆள் கைபோட்டுப் பேசியதைப் பிரபாகரன் எத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிறானோ, முகம் விளக்கு மாதிரி இருந்தது. கொளஞ்சி, "சூடு சொரணை இல்லாத பையன்டி இவன்" என்று செல்லமாகத் திட்டினாள். அதற்கும் சிரித்தான். பெண்கள் அவனுக்குக் குழம்பு கொடுத்தார்கள். பயப்படுவார்கள் என்று அவள் சொன்ன பெண்கள்.

ஒவ்வொரு தட்டையும் தொடுவதற்கு முன்னால் அவன் நீலாவதியின் பக்கம் திரும்பி, "யக்கா, எடுக்கலாமாக்கா?" என்று கேட்பான். அது ஒரு மரியாதை என்று அவள் எடுத்துக்கொண்டாள். கேட்கும்போதெல்லாம் முழங்கையில வச்சிப் பாருடா என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். அதைச் சொன்னால், உனக்கு எப்படிக்கா தெரியும் என்று கொளஞ்சி கேட்பாள். நீலாவதி தலையை ஆட்டுவாள். எடு என்று அர்த்தம்.

ஒருநாள் வீட்டில் பழைய ஜீன்ஸ் துணியை வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்து, மணிக்கட்டில் கட்டுகிற மாதிரி நாடா வைத்த உறை இரண்டு செய்தாள். யாரும் வருவதற்கு முன்னால் சூளை மேட்டில் வைத்துவிட்டு வந்தாள். சொல்லிக் கொடுக்கவில்லை, கட்டிவிடவில்லை. அவன் மாட்டிக்கொண்டு எடுத்தான். வேகம் குறைந்தது. முதலாளி வந்து, என்னடா மாப்பிள்ளை மாதிரி கையுறையெல்லாம் என்று சிரித்தார். அன்றைக்கு மத்தியானமே உறைகள் விறகுக்குவியலின் மேல் கிடந்தன. அவளும் பார்த்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்ள ஆரம்பித்தான். சாப்பிடும்போது சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். ஈக்கள் அவனிடம் போயின. மற்றவர்களுக்கு அது ஈ; நீலாவதிக்கு அது எழுத்து. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து, தோல் வெள்ளையாக ஊறி, உள்ளே சீழ் பிடிக்கிறது. வேலை போய்விடும் என்று மறைக்கிறான். மறைப்பது எப்படி என்று அவளுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும்.

தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேரும் தனியாக நின்ற ஒரு சாயங்காலம், அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"யக்கா, நீங்க எந்த ஆஸ்பத்திரிக்குக்கா போனீங்க?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அதை மூடினாள்.

"என்னா ஆஸ்பத்திரி? நான் எதுக்குடா ஆஸ்பத்திரிக்குப் போவணும்?"

அவன் கண் அவள் கைக்குப் போய், உடனே தரைக்குத் திரும்பியது. "இல்லக்கா. சும்மா கேட்டேன்."

டீ கிளாஸ்தான் காட்டிக் கொடுத்துவிட்டது என்று நினைத்தாள். கேட்டது விசாரிப்பா மிரட்டலா என்று யோசிக்கக்கூட அவளுக்கு நிதானம் இல்லை. இன்றைக்கு என்னைக் கேட்டான், நாளைக்குக் கொளஞ்சியிடம் சொல்லுவான், கொளஞ்சி சொன்னால் பொழுது சாய்வதற்குள் கமிட்டி வரைக்கும் போய்விடும், பக்கிரி தலையில் மூட்டையோடு நின்று அதைக் கேட்பான். கயல்விழிக்கு வயசு வந்தால் ஒருத்தன் கட்டுவானா? கால் தானாக முதலாளியின் அறைக்குப் போயிற்று.

"அந்தப் பையன் கையில புண்ணு மொதலாளி. நாத்தம் அடிக்குது. பொம்பளைங்க பக்கத்துல ஒக்காந்து சோறு திங்க முடியலன்றாங்க."

ஒரு பெண்ணும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

முதலாளி பிரபாகரனைக் கூப்பிட்டு, ஆறியதும் வா தம்பி என்றார். வர வேண்டாம் என்பதை நல்லவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவன் தன் டிபன் பாக்ஸைக்கூட எடுக்காமல் கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

"போயிட்டு வரேன்க்கா."

நீலாவதி விளக்குகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

கார்த்திகைக்குக் கயல்விழி வாசல் முழுக்க அகல் வைத்தாள். முதலாளி எல்லோருக்கும் கொடுத்த பீங்கான் அகல், அவன் சூளையிலிருந்து எடுத்தது. "எண்ண ஊத்துங்கம்மா" என்றாள் மகள். நீலாவதி தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

பண்டிகை கழிந்து சாமிக்கண்ணு டிபன் பாக்ஸை வாங்க வந்தார். பையன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், சீழ் எலும்புக்கு இறங்கிவிட்டது, வலது கை ஆள்காட்டி விரலை நடுக்கணுவோடு எடுத்துவிட்டார்கள் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி உச்சுக்கொட்டி, எப்படி ஆச்சாம் என்று கேட்டார். வீட்டுக்குப் போயிருந்தபோது கஞ்சி வடிக்கையில் சுட்டுக்கொண்டதாகச் சொல்கிறான் என்றார் சாமிக்கண்ணு. நீலாவதி அலமாரிக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டாள். கையில் இருந்த ஜாடியை மெதுவாகக் கீழே வைத்தாள். ஆள்காட்டி விரல். நல்லா நிமிர்ந்திருந்த விரல்.

ஞாயிற்றுக்கிழமை பக்கிரியிடம் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கு என்று பொய் சொல்லிவிட்டு அந்த இல்லத்துக்குப் போனாள். பொய் சொல்லி மெய்யை நோக்கிப் போனதுகூட அவளுக்குத்தான் வாய்க்கும். பிரபாகரன் வேப்பமரத்தடியில் இடது கையைத் தண்ணீர்ப் பேசினில் ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலது கை கட்டில் இருந்தது. அவளைக் கண்டதும் எழுந்துபோய், கட்டுப் போட்ட கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்துவந்து போட்டான்.

ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"கஞ்சி வடிச்சியாடா நீ?"

அவன் சிரித்தான். "கம்பெனின்னு சொன்னா அப்பறம் யாரையும் அங்க வேலைக்கு அனுப்ப மாட்டாங்கக்கா. இங்க இன்னும் ரெண்டு பேரு காத்துட்டிருக்காங்க."

நீலாவதி தன் வலது கையை மலர்த்தி அவன் முன்னால் நீட்டினாள். தழும்பு உள்ளங்கையின் குறுக்கே வெள்ளை நூல் மாதிரி ஓடியது. கட்டியவனுக்கும் பெற்ற மகளுக்கும் இப்படிக் காட்டாத கை.

"வடக்க, மிஷன் ஆஸ்பத்திரி. எட்டாவது படிக்கச்சொல்ல."

அவன் ஆச்சரியப்படவில்லை. தழும்பைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, நல்லா கூடியிருக்குதுக்கா என்றான். ஏற்கெனவே ஊகித்துவிட்ட பையன், அதனால்தான் இப்படி என்று அவள் நினைத்தாள்.

"உன்ன சூளைக்கு அனுப்புனது மொதலாளி இல்லடா. நான்."

"தெரியும்க்கா."

"நாத்தம் அடிக்குதுன்னு சொன்னதும் நான்தான்."

இது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பேசினில் இருந்த கையை எடுத்துத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "அங்க இருந்தப்பதான்க்கா எல்லாரும் என்கிட்ட நல்லா பேசுனாங்க" என்றான்.

அவன் திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். அழுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. பழத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

மறுநாள் டீ வந்தபோது கொட்டகையில் எல்லோரும் இருந்தார்கள், முதலாளியும் இருந்தார். நீலாவதி கிளாஸை எடுத்து, முழங்கையில் ஒற்றினாள். பிறகு முதலாளியிடம், கை ஆறியதும் அந்தப் பையனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், அச்சு வேலைக்கு, என் பக்கத்தில் என்றாள்.

"பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு நீதானம்மா சொன்ன?"

"அவுங்க யாரும் சொல்லல. நான் சொன்ன பொய்யி." கையை விரித்துக் காட்டினாள். "அவனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துச்சி. அவன் கைக்குச் சூடு தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் அனுப்புனேன்."

முதலாளி போன் வந்த மாதிரி செல்லை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று மத்தியானம் நீலாவதி தனியாகச் சாப்பிட்டாள். டிபன் பாக்ஸுகள் எல்லாம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தன. ஒருத்தி மறுநாளிலிருந்து வேலைக்கே வரவில்லை. கொளஞ்சி அந்த வாரம் முழுக்க முறைத்துக்கொண்டே திரிந்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா, இத்தன வருசமா என் கொழம்ப இந்தக் கையாலதான தொட்டுத் தின்ன?"

"ஆமாண்டி."

கொளஞ்சி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் ஆவலியே" என்றாள். பிறகு கிண்ணத்தை முன்னால் நகர்த்தினாள். "இன்னிக்குக் கருவாட்டுக் கொழம்பு. வேணுன்னா தின்னு. ஆனா அந்தப் பையன் விரலுக்கு நீ மேல போயி பதில் சொல்லணும், ஆமாம்."

பக்கிரிக்கு அவளே சொன்னாள், கமிட்டி சொல்வதற்கு முன்னால். அவன் கத்தவில்லை. பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். கயல்விழியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினான். டாக்டரம்மா, குழந்தைக்கு ஒன்றுமில்லை, உனக்குத்தான் மூளையில் படை என்று ஏசி அனுப்பினார். பக்கிரி வீட்டுக்கு வந்து, "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றான். அதற்கப்புறம் பேசினான், சாப்பிட்டான், பாய் உள்ளே வந்தது. ஆனால் அவள் பரிமாறும்போது கையைப் பார்ப்பான். அது போகவே இல்லை.

பிரபாகரன் பொங்கல் கழித்து வந்தான். கூழாகக் கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிற வேலை. குளிர்ந்த மண், குளிர்ந்த அச்சு. அச்சின் இரண்டு பாதியையும் ரப்பரால் இறுக்கிக் கட்டுவது அவனால் முடியவில்லை. நீலாவதி சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, நுனியில் ஒரு வளையம் விட்டுத் தைத்தாள். வளையத்தில் மணிக்கட்டை நுழைத்து இழுத்தால் விரல் வேண்டியதில்லை. முதல் மாசம் நிறைய உடைத்தான். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். ஆடிக்குள் அவன் ஊற்றிய பொம்மைகளில் குமிழி விழுவது நின்றுவிட்டது. காலையில் குழாயடியில் நீலாவதி முதலில் தன் கையை விரித்துக் காட்டுவாள், பிறகு அவன். கொளஞ்சி நடுவில் புகுந்து தன் கையையும் நீட்டி, "எனக்கும் பாருங்க டாக்டரம்மா, அரிப்பு இருக்குது, காசு வந்தா போவும்" என்பாள். அவன் சிரிப்பான். ஆனால் "எடுக்கலாமாக்கா" என்று அவன் அதற்குப் பிறகு ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. தானே முழங்கையில் வைத்துப் பார்த்துக்கொள்வான். நீலாவதி அதைச் சரியென்றும் வைத்துக்கொண்டாள், தண்டனையென்றும் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் காத்திருந்த இரண்டு பேரும் வந்தார்கள். ஒருத்தி ஆனந்தவல்லி, கால் கொஞ்சம் இழுக்கும். இன்னொருவன் அவளுக்குத் தம்பி முறை. அவர்களைக் கொண்டுவந்து விட்ட சாமிக்கண்ணு வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்தார். நீலாவதிக்கு அவரிடம் ஒரு குறை இருந்தது. தன் தப்பைக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ள ஆள் கிடைக்காதா என்கிற குறை. நீங்கள் அந்த மாசம் ஒரு தரம் எட்டிப் பார்த்திருந்தால் அவன் விரல் தப்பியிருக்கும் அண்ணே என்றாள்.

"வந்தேனேம்மா" என்றார் அவர். வந்து சூளை மேட்டில் அவனைப் பார்த்ததாகவும், இங்கே யார் உன்னைப் போட்டது என்று கேட்டதாகவும், நீலாவதி அக்கா என்று அவன் சொன்னதாகவும் சொன்னார். "நீங்க போட்ட எடம்னா, ஒங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு வுட்டுட்டுப் போயிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. கிளாஸைக் கீழே வைத்தாள்.

அவர் சொன்னார். சின்ன வயசில் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கிற வேலையில் இருந்தாராம். நிமிர்ந்த விரல்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுத ஒரு பெண்ணை அவர் மறக்கவில்லையாம். பிறகு மாசிமகத் தேரில், புருஷனோடும் குழந்தையோடும் போனவளைக் கண்டுகொண்டு, சங்கடப்படுவாளே என்று ஒதுங்கிப் போனாராம். அவள் வேலை செய்கிற இடம் எது என்று விசாரித்துத்தான் இந்தக் கம்பெனியைத் தேடி வந்தாராம். பையனை அனுப்பும்போது அவனிடம் மட்டும் சொன்னாராம்: அங்கே நீலாவதி என்று ஒரு அக்கா இருக்கிறது, நம்ம அக்கா, நீயாக எதுவும் கேட்காதே, அதுவாகச் சொல்லும், அது நிற்கச் சொன்ன இடத்தில் நில்லு, அது எடுக்கச் சொன்னதை எடு, உன் கைக்கு ஒன்றும் ஆகாமல் அது பார்த்துக்கொள்ளும்.

முதல் நாள் கொட்டகை வாசலில் கால் வைத்து, "வணக்கங்க்கா" என்று சொன்னபோதே பிரபாகரனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.